நாலு வயது மகன், முழங்கால் வலியோடு அம்மம்மா: இந்த இலையுதிர் காலத்தில் எங்கே கூட்டிப்போகலாம்?

தென்னோலை · செப்டம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள மார்க்கம் நகரத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. போன மாதம் என் அம்மா பருத்தித்துறையில் இருந்து வந்திருக்கிறார். ஜனவரி வரை எங்களோடுதான்.

அம்மாவுக்கு இது முதல் இலையுதிர் காலம். வீட்டுக்கு முன்னால் நிற்கும் மேப்பிளில் ஒரு கிளை மட்டும் சிவந்துவிட்டது. மரத்துக்கு ஏதோ நோய் என்று நினைத்து மூன்று நாளாக வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டு இருக்கிறார். இன்னும் ஒரு மாதத்தில் ஊரே இப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை. அந்த அழகை அவர் கண்ணாலே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு பக்கம், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகும் ஒக்ரோபர் 31 ஹாலோவீன். மகள் பேய் வீடு, பேய் வீடு என்று தினமும் கேட்கிறாள். மகனோ பக்கத்து வீட்டுப் புல்வெளியில் நிறுத்திய பெரிய எலும்புக்கூட்டைக் கண்ட நாளிலிருந்து அந்தப் பக்க நடைபாதையில் கால் வைக்க மாட்டேன் என்கிறான். அம்மாவோ, பேயைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பதா என்று கேட்கிறார்.

மூன்று பேரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய இடம் எது? அம்மாவால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நடக்க முடியாது. கனடாவில் பல வருடம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ரூஜ்நதி · செப்டம்பர் 9

தங்கச்சி, தூரத்துக்கு ஓட முதல் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்குள்ளேயே தொடங்குங்கள். நான் இங்கே வந்து 34 வருடம். ஒவ்வொரு செப்டம்பரும் நான் முதலில் போகும் இடம் மோர்னிங்சைட் பூங்கா. அதற்குள் ஓடும் ஹைலண்ட் கிரீக்கில் இப்போது சமன் (சால்மன்) மீன் ஏறுகிற காலம். ஒன்ராறியோ ஏரியில் இருந்து முட்டையிட ஆற்றை எதிர்த்து வரும். சில இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை, மீனின் முதுகு வெளியே தெரியும். மழை பெய்த அடுத்த நாள் போனால் கூடுதலாகக் காணலாம். பாதை சமதரை, அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, கட்டணமும் இல்லை.

இந்த மீன்களின் கதையையும் மகளுக்குச் சொல்லுங்கள். இந்த ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சமன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் முற்றாக அழிந்துபோனது. காடு வெட்டினார்கள், ஆறுகளை மறித்து ஆலைகளுக்கு அணை கட்டினார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள். இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை சினூக் சமன், பசிபிக் கரையைச் சேர்ந்தது. 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் நம்மைப் போல வேறு கடலில் இருந்து வந்து இந்த ஆற்றுக்குப் பழகிக்கொண்டது.

ஒரு மணித்தியாலம் கார் ஓட்டலாம் என்றால் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போர்ட் ஹோப். அங்கே கனராஸ்கா ஆற்றில் கோர்பெற் அணை இருக்கிறது. பக்கத்தில் மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு மாதிரி கட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு கை நீளமான மீன் தண்ணீருக்கு வெளியே பாய்ந்து சுவரில் மோதி விழுந்து, திரும்பவும் பாயும். சனம் கைதட்டும். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

சிவப்புஇலை · செப்டம்பர் 10

அக்கா, அம்மாவுக்கு நிறம் காட்ட வேண்டும் என்றால் அல்கொன்குயின் பூங்காதான். ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் பிழை, ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் வரும் தாங்ஸ்கிவிங் லீவுக்குக் காத்திருப்பது. அல்கொன்குயினில் சர்க்கரை மேப்பிள் உச்சத்தில் சிவப்பது செப்டம்பர் கடைசி வாரம், ஒக்ரோபர் முதல் வாரம். தாங்ஸ்கிவிங்குக்குப் போகும்போது பல வருடங்களில் சிவப்பு உதிர்ந்து, மஞ்சள்தான் மிஞ்சியிருக்கும். அந்த மஞ்சளும் வடிவுதான். ஒக்ரோபர் நடுவில் தாமரக் என்ற மரம் பொன்னிறமாகும். ஊசியிலை மரம், ஆனால் குளிருக்கு முன் ஊசியெல்லாம் கொட்டிவிடும்.

ரொறன்ரோ, மார்க்கம் பக்கம் இதெல்லாம் இரண்டு மூன்று வாரம் பிந்தித்தான் நடக்கும். அதனால் வடக்கே ஒரு தடவை, வீட்டுப் பக்கம் ஒரு தடவை என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை பார்க்கலாம்.

மரம் ஏன் சிவக்கிறது என்று அம்மா கேட்டால்: பகல் குறுகக் குறுக இலையில் பச்சையம் உற்பத்தி நின்றுவிடும். பச்சை போனதும் உள்ளே முன்பே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் புதிதாக உண்டாவது. இலைக்கும் கிளைக்கும் இடையில் வழி அடைபடும்போது இலைக்குள் மாட்டிக்கொண்ட சர்க்கரையில் இருந்து அது வருகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இப்படி ஒரு வாரம் அமைந்தால் அந்த வருடம் காடு தீப்பிடித்த மாதிரி இருக்கும்.

காரியத்துக்கு வருகிறேன். பூங்காவுக்குள் போக வாகன அனுமதி வேண்டும். ஐந்து நாளைக்கு முன்னால் இணையத்தில் திறப்பார்கள், சனி ஞாயிறுக்கு உரியது கெதியாக முடிந்துவிடும். முடிந்தால் வேலை நாளில் போங்கள். நெடுஞ்சாலை 60 பூங்காவை ஊடறுத்துப் போகிறது, காரில் இருந்தபடியே பாதி அழகைப் பார்க்கலாம். லுக்கவுட் ட்ரெயில் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவருக்குச் சரிவராது. 43ஆவது கிலோமீட்டரில் பார்வையாளர் மையம் இருக்கிறது. அதன் பின்பக்கத் தளத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். படி ஏற வேண்டாம். என் மாமியாரை அங்கேதான் நிறுத்தினேன். கனநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இதையெல்லாம் ஆர் கூட்டுறது?" என்று கேட்டார்.

தென்னோலை · செப்டம்பர் 10

அண்ணா, மிக்க நன்றி. 43ஆவது கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டேன். மூன்று மணித்தியாலம் மகன் காரில் இருப்பானா என்பதுதான் யோசனை. சமன் மீன் இந்தக் கிழமையே போகிறோம்.

கோவைக்காரன் · செப்டம்பர் 11

மிசிசாகாவில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் ஐந்து வயதுப் பையன். அவன் வயதுக்கு ஃபார்ம் மாதிரி வேறு எதுவும் கிடையாது. மில்டனில் சட்லீஸ், காலிடனில் டவுனீஸ், மார்க்கத்தில் இருந்து உங்களுக்குக் கிட்ட என்றால் மவுண்ட் ஆல்பர்ட்டில் புரூக்ஸ். டிராக்டர் இழுக்கும் வண்டியில் வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்து போகலாம். சோளக்காட்டுக்குள் வழி தேடும் கார்ன் மேஸ் உண்டு. பூசணித் தோட்டத்தில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருவார்கள். டிக்கெட் முன்கூட்டியே எடுங்கள், ஒக்டோபர் சனி ஞாயிறுகளில் பார்க்கிங்குக்கே வெகுநேரம் ஆகும். காலையில் திறக்கும் நேரத்துக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவது எங்கள் வழக்கம்.

ஆப்பிளை இழுத்துப் பறிக்கவிடாதீர்கள். உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி ஒரு திருகு. காம்போடு கையில் வந்துவிடும். இழுத்தால் அடுத்த வருடம் காய்க்கவேண்டிய முனையும் சேர்ந்து ஒடியும். மெக்கின்டோஷ் கிடைத்தால் பையனுக்குக் கொடுங்கள். அந்த ரகம் பிறந்ததே ஒன்டாரியோவில்தான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கே டண்டேலா என்ற ஊரில்.

அப்புறம் ஒரு விஷயம், செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய பூசணியைக் கறிக்கு வாங்கிவிடாதீர்கள். நாராகவும் தண்ணீராகவும் இருக்கும். பை பம்ப்கின் என்று சின்னதாக ஒன்று விற்பார்கள், அதுதான் நம் பரங்கிக்காய் ருசிக்குப் பக்கத்தில் வரும்.

இரவுப்பணி · செப்டம்பர் 11

எல்லா ஃபார்மும் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பகல் நேரம், நல்ல வெயில், ஆடு கோழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு பழைய களஞ்சியத்துக்கு முன்னால் வரிசை நின்றது. குடும்பத்துக்கு ஏற்றது என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே போனோம். இருட்டு, புகை. ஒரு மூலையில் வைக்கோலுக்குள் இருந்து முகமூடி போட்ட ஒருவர் எழுந்து வந்தார், கையில் சங்கிலி வாள். சங்கிலி கழற்றியதுதான், ஆனால் சத்தம் உண்மையான சத்தம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அலறவில்லை, அழவில்லை. என் கையைப் பிடித்த பிடி மட்டும் இறுகியது. வெளியே வந்து பார்த்தால் என் உள்ளங்கையில் அவளுடைய நாலு நகங்களின் தடம் பிறை பிறையாக இருந்தது.

அன்றிரவில் இருந்து மூன்று மாதம் தனியாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் தொடங்கினால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். நான் மருத்துவமனையில் இரவு வேலை செய்கிறவள். நான் வீட்டில் இல்லாத இரவுகளில் அவள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

பலகையை நம்பி உள்ளே போனேன். வாசலில் நின்ற பிள்ளையிடம் "உள்ளே ஆட்கள் பாய்ந்து வருவார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது எங்கே போனாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

பிரம்டன்_ஆசிரியை · செப்டம்பர் 12

இரவுப்பணி, வாசித்துவிட்டு மனம் கனத்தது. மகள் இப்போது நன்றாக இருக்கிறாளா?

நான் கிண்டர்கார்டனில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். தென்னோலைக்கு என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். நாலு வயதில் முகமூடிக்குப் பின்னால் இருப்பது மனிதன் என்று சொன்னால் பிள்ளை தலையாட்டும், ஆனால் உடம்பு நம்பாது. நான் வகுப்பில் பிள்ளைகளின் முன்னாலேயே முகமூடியைப் போட்டுக் கழற்றுவேன், திரும்பப் போடுவேன். அதற்குள்ளும் சிலர் அழுதுவிடுவார்கள். பத்து முறை செய்தபின் தாங்களே கேட்டு வாங்கிப் போடுவார்கள். போடுவது தன் கை, கழற்றுவது தன் கை என்று ஆனபிறகு பயம் இறங்கிவிடுகிறது.

அதனால் பக்கத்து வீட்டு எலும்புக்கூட்டைத் தவிர்க்காதீர்கள், கிட்டவும் இழுத்துப்போகாதீர்கள். பகலில், தெருவின் மற்றப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த நாள் நாலு அடி கிட்ட. அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு அதன் விரலை ஒரு முறை தொட முடிந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் என்று கை அறியும்.

ஒன்பது வயது வேறு. அவளுக்குக் கதை வேண்டும். தம்பி இல்லாமல் அவளுக்கென்று ஒரு மாலையை ஒதுக்குங்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பயத்துக்குள் தள்ள வேண்டியதில்லை.

பழையகடிதம் · செப்டம்பர் 12

வேறுவிதமாக நினைக்கும் ஒருவனின் கருத்தையும் கேளுங்கள். உங்கள் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. பேய், பிசாசு, இரத்தம், வெட்டிய தலை என்று வாசலில் தொங்கவிடுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்க மாட்டார்கள். இது நவராத்திரி வரும் காலம். கொலு வைத்து, சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்கும் வீட்டில் அடுத்த கிழமை எலும்புக்கூடு மாட்டுவதா? போரைப் பார்த்து வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்டிய கையின் பொம்மையைப் பார்த்து எல்லோராலும் சிரிக்க முடியாது. என் மூத்த அக்காவால் முடியாது. ஒக்ரோபர் கடைசியில் அவர் கடைக்கே போவதில்லை.

ரூஜ்நதி · செப்டம்பர் 12

அண்ணா, கடைசியில் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அதனால் எங்கள் வாசலில் பூசணி மட்டும்தான். இரத்தம், கை, கால் எதுவும் வைப்பதில்லை.

கோவைக்காரன் · செப்டம்பர் 13

பழையகடிதம் ஐயா, உங்கள் அக்காவைப் பற்றி எழுதியதை மதிக்கிறேன். அந்த வேதனைக்கு முன்னால் வாதம் கிடையாது.

ஆனால் பயமுறுத்தும் முகத்தை வாசலில் வைப்பது நமக்கு அந்நியம் என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் வீடு கட்டும்போது முதல் மாடியில் என்ன தொங்கும்? வெள்ளைப் பூசணி, நீங்கள் நீற்றுப்பூசணி என்பீர்கள். அதில் முழித்த கண், கோரைப் பல், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு என்று ஒரு அரக்கனை எழுதிக் கயிற்றில் கட்டுவார்கள். கண்ணேறு படாமல் இருக்க. ஆயுத பூஜை அன்று என் அப்பா தன் பட்டறை வாசலில் பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறைக் காசும் உள்ளே திணித்து, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைப்பார். சிவப்பாகச் சிதறும். நாங்கள் காசு பொறுக்க ஓடுவோம். அதுவும் இதே இலையுதிர் மாதத்தில்தான்.

இங்கே பூசணிக்குள் விளக்கு வைக்கும் பழக்கம் அயர்லாந்தில் இருந்து வந்தது. அங்கே அவர்கள் டர்னிப்பைக் குடைந்து முகம் செதுக்கினார்கள், கெட்டதை விரட்ட. அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தபின் பூசணி கிடைத்தது, குடையவும் சுலபம். என் பையனுக்கு நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். தாத்தா பட்டறைப் பூசணி, நம் வாசல் பூசணி. இரண்டும் காவலுக்கு நிற்பவை.

தென்னோலை அக்கா, இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

இங்கே_பிறந்தவள் · செப்டம்பர் 14

நான் ஸ்காபரோவில் பிறந்தவள், இப்போது 26 வயது. என் தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

சின்ன வயதில் ஹாலோவீன் இரவு எங்கள் வீட்டில் வெளி லைட்டை அணைத்துவிடுவார்கள். லைட் எரிந்தால்தான் பிள்ளைகள் கதவு தட்டுவார்கள் என்பது இங்கத்தைய வழக்கம். அப்பாவுக்கு அந்நியர் கதவு தட்டுவது பயம். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. கொழும்பில் 1983 இனக்கலவரத்தில் தட்டப்பட்ட கதவைப் பற்றிப் பிறகுதான் சொன்னார். நான் மேல்மாடி யன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கி, கீழே போகும் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு இருப்பேன். அடுத்த நாள் பள்ளியில் எல்லோரும் இனிப்பு மாற்றிக்கொள்ளும்போது என்னிடம் மாற்ற ஒன்றும் இருக்காது.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஒன்பது வயது மகள் கேட்கிறாள் என்று வாசித்ததும் எழுதத் தோன்றியது. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, ஒக்ரோபர் 31. அந்த வருடம் அப்பாவே லைட்டைப் போட்டார். வாசலில் குத்துவிளக்கு, பக்கத்தில் பூசணி. வந்த பிள்ளைகளுக்கு சொக்லேட்டோடு அம்மா செய்த பயற்றம் பணியாரமும் கொடுக்கப் பார்த்தார். வீட்டில் செய்ததை இங்கே பெற்றோர் அனுமதிக்க மாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன்.

சரி, ஒன்பது வயதுக்கு என் இரண்டு பரிந்துரைகள்.

முதலாவது ரொறன்ரோவில் இருக்கும் காசா லோமா மாளிகை, பகலில். 1911 தொடங்கி 1914 வரை சேர் ஹென்ரி பெல்லட் கட்டிய வீடு, 98 அறை. மின்சாரத்தில் சம்பாதித்தவர், கடைசியில் கடனும் வரியும் சேர்ந்து அந்த வீட்டையே விட்டுப் போனார். கோபுரத்துக்கு ஏறும் ஒடுங்கிய படிகள், சுவருக்குள் மறைந்த கதவு, நிலத்துக்குக் கீழே குதிரை லாயம் வரை போகும் 800 அடி சுரங்கப்பாதை. இரண்டாம் உலகப் போரில் அந்த லாயத்தில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவிகளை இரகசியமாகச் செய்தார்கள், வெளியே திருத்த வேலை நடக்கிறது என்று பலகை வைத்துவிட்டு. சுரங்கத்தில் நடக்கும்போது நம் காலடிச் சத்தமே பின்னால் வரும். மகளுக்கு அது காணும். ஒக்ரோபர் இரவுகளில் அங்கே நடக்கும் பயங்கர நிகழ்ச்சி பெரியவர்களுக்கானது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அம்மாவைக் கூட்டிப்போவதென்றால் தோட்டமும் கீழ்த்தளமும் போதும்.

இரண்டாவது நயாகரா ஒன் த லேக்கில் ஜோர்ஜ் கோட்டையின் இரவுச் சுற்று. யாரும் பாய்ந்து வரமாட்டார்கள். வழிகாட்டி ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார், இருட்டில் நிறுத்திக் கதை சொல்வார், அவ்வளவுதான். ஆனால் நடந்த இடம் உண்மையானது. 1813 மே 27 அமெரிக்கப் படை கோட்டையைப் பிடித்தது. டிசம்பரில் பின்வாங்கும்போது பக்கத்து ஊரையே கொளுத்தினார்கள், பனிக்காலத்தில் குடும்பங்கள் தெருவில் நின்றன. பழைய கட்டிடங்களில் இன்று நிற்பது 1796இல் கட்டிய வெடிமருந்துக் களஞ்சியம்தான், மற்றவை பின்னால் திரும்பக் கட்டியவை. அந்தக் கல்லறை மாதிரியான களஞ்சியத்துக்குள் விளக்கைத் தாழ்த்தியபோது நான் என் அப்பாவின் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டேன், 22 வயதில். அவர் பேசாமல் என் கைக்கு மேல் தன் கையை வைத்தார்.

பழையகடிதம் · செப்டம்பர் 14

பிள்ளை, உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

கோவைத் தம்பி சொன்ன திருஷ்டிப் பூசணியை நான் யோசிக்கவில்லை. பூசணியும் விளக்கும் என்றால் எனக்கும் மறுப்பில்லை. இரத்தக் காட்சிகள் மட்டும் வேண்டாம் என்பதில் மாறவில்லை.

மில்ரன்_மாமி · செப்டம்பர் 15

பூசணி மட்டும் போதும் என்பவர்களுக்கு எங்கள் ஊரில் பம்ப்கின்ஸ் ஆஃப்டர் டார்க் இருக்கிறது. கண்ட்ரி ஹெரிட்டேஜ் பூங்காவில் இருட்டினதும் ஆயிரக்கணக்கில் செதுக்கிய பூசணிகள் உள்ளே விளக்கோடு வழி நெடுக நிற்கும். டைனோசர், மீன், கப்பல் என்று அடுக்கியிருப்பார்கள். பாய்ந்து பயமுறுத்துவது கிடையாது, தள்ளுவண்டியும் போகும். கையுறை போடுங்கள், இரவில் விறைக்கும்.

புதியவன்77 · செப்டம்பர் 15

வொண்டர்லாண்ட் கேளிக்கைப் பூங்காவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எட்டு வயது மகனைக் கூட்டிப்போகலாமா?

இரவுப்பணி · செப்டம்பர் 15

இரவு நடக்கும் ஹாலோவீன் ஹான்ட் 13 வயதுக்குக் கீழே பொருத்தமில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். பகலில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்துவார்கள், அதற்குப் போங்கள். இருட்டும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

நயாகராவில் கிளிப்டன் ஹில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நைட்மேர்ஸ் ஃபியர் ஃபக்டரி என்ற பேய் வீடும் அப்படித்தான். உள்ளே தாங்க முடியாவிட்டால் "நைட்மேர்ஸ்" என்று கத்தினால் வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். வளர்ந்தவர்களே கத்தும் இடம்.

ஆசிரியை கேட்டதற்குப் பதில்: மகள் நன்றாக இருக்கிறாள். இந்த வருடம் தானே முகமூடி செய்கிறாள், ஆந்தை முகமூடி.

சிவப்புஇலை · செப்டம்பர் 16

நயாகரா என்றதும் ஒரு எச்சரிக்கை. அலறும் சுரங்கம் என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் பலர் குடும்பத்தோடு போகிறார்கள். ரயில்பாதைக்குக் கீழே கல்லால் கட்டிய பழைய வழி அது. உள்ளே தீக்குச்சி கொளுத்தினால் ஒரு பெண்ணின் அலறல் கேட்கும் என்பது கதை. பகலில் ஐந்து நிமிடம் பார்க்கலாம். ஆனால் இரவில் விளக்கில்லை, கார் நிறுத்த ஒழுங்கான இடமில்லை, உள்ளே தரை சேறு. மேலே ரயில்பாதையில் ஏறவே கூடாது. சின்னப் பிள்ளைகளோடு இரவில் போக வேண்டாம்.

ரூஜ்நதி · செப்டம்பர் 16

காசில்லாமல் கொஞ்சம் மர்மம் வேண்டும் என்றால் ஸ்காபரோவிலேயே கில்ட் பூங்கா. ரொறன்ரோ நகரத்தில் பழைய கட்டிடங்களை இடித்தபோது ஒரு தம்பதி அவற்றின் தூண்களையும் வாசல்களையும் சிற்பங்களையும் வாங்கி வந்து இங்கே மரங்களுக்கு இடையில் நிறுத்திவைத்தார்கள். பழைய வங்கி ஒன்றின் பளிங்குத் தூண்களில் கட்டிய கிரேக்க அரங்கு நடுவில் நிற்கிறது. வீடே இல்லாத வாசல், மாடியே இல்லாத வளைவு. மாலை ஐந்து மணிக்கு, இலை உதிரும்போது போய்ப் பாருங்கள். என் பேரன் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் புகுந்து வெளியே வந்து, "இப்ப நான் எந்த வீட்டுக்குள்ள?" என்று கேட்பான்.

ஒன்றை மறக்காதீர்கள். ரூஜ் பூங்கா, கில்ட், எந்தக் காட்டுப் பாதையானாலும் உண்ணி இருக்கும். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும், ரூஜ் பள்ளத்தாக்கில் அது உண்டு. குளிர் வந்துவிட்டது என்று அசட்டையாக இருக்காதீர்கள், வெப்பம் நாலு பாகைக்கு மேல் இருந்தாலே அது நடமாடும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால், கமக்கட்டு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள்.

தென்னோலை · ஒக்ரோபர் 5

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள்.

மோர்னிங்சைட் போனோம். மீனைக் கண்டதும் மகன் கூச்சலிட்டான், நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, கரையில் செத்துக் கிடந்த பெரிய மீன். முட்டையிட்டதும் சினூக் இறந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண் இல்லை, ஏதோ பறவை கொத்தியிருக்க வேண்டும். மகன் அப்படியே நின்றான். நான் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். அம்மா என்னைத் தடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு அவன் பக்கத்தில் மெல்லக் குந்தினார். "இவ அம்மா மீன். பிள்ளையளை விட்டிட்டுப் போயிட்டா. பார், தண்ணிக்குள்ள சின்னக் கல்லுகள் தெரியுதெல்லே, அதுக்குள்ளதான் முட்டை" என்றார். மகன் தண்ணீரைக் கனநேரம் பார்த்தான். பிறகு, முட்டைக்குக் குளிராதா என்று கேட்டான்.

அல்கொன்குயின் வியாழக்கிழமை போனோம். வழியில் மூன்று தடவை நிறுத்தினோம். 43ஆவது கிலோமீட்டர் தளத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், கோயிலில் நிற்கிற மாதிரி. வீட்டுக்கு வந்தபின் முன்வாசல் மேப்பிளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஹாலோவீன் இரவுக்கு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மகள் ஜான்சி ராணியாகப் போகிறாளாம்.

பிரம்டன்_ஆசிரியை · ஒக்ரோபர் 6

அந்தக் கல்லுக்குள் முட்டை என்ற பதிலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நானும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மா என் வகுப்புக்கு வர வேண்டும்.

உடுப்பை இரண்டு அளவு பெரிதாக எடுங்கள், குளிர் ஜக்கெற் உள்ளே போக வேண்டும். முகமூடியைவிட முகத்தில் பூசுவது நல்லது, கண் மறைக்காது. முதுகில் ஒளி தெறிக்கும் நாடா ஒட்டுங்கள். ஐந்தரை மணிக்கே தொடங்குங்கள், அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள்தான் வருவார்கள், பயங்கர வேடங்கள் பிந்தித்தான் வெளிவரும். வீட்டுக்கு வந்ததும் இனிப்புகளை மேசையில் கொட்டி, உறை பிரிந்ததைத் தூக்கி எறியுங்கள். கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் ஒவ்வொன்றின் உறையையும் வாசியுங்கள். நீலப்பச்சை நிறப் பூசணி வைத்த வாசலில் சாப்பாடு இல்லாத பரிசு கிடைக்கும், ஸ்டிக்கர், பென்சில் போல. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக அந்த அடையாளம்.

பூசணியை மூன்று நாலு நாளைக்கு முன்தான் செதுக்குங்கள். முன்னமே செதுக்கினால் அழுகும், அணிலும் விடாது.

கோவைக்காரன் · ஒக்ரோபர் 6

விதையைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவித் துணியில் நன்றாக உலர்த்தி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள் பிசறி அவன் அடுப்பில் மொறுமொறுவென்று வறுத்தெடுங்கள். எங்கள் வீட்டில் பூசணியை வாங்குவதே அதற்குத்தான்.

தென்னோலை · நவம்பர் 2

நேற்றோடு எங்கள் இலையுதிர் காலம் முடிந்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து போட்டுக்கொடுத்த திட்டம், அதனால் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

திருஷ்டிப் பூசணிக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. செதுக்கும் நாளில் மகள் பேனையால் முகம் வரைந்துகொண்டு இருந்தபோது, "மீசை வை" என்றார். வைத்தாள். மகன் கையை உள்ளே விட்டு விதை வழித்தான், முழங்கை வரை நார். விதை வறுத்தோம். ஒரு தட்டு முழுவதும் அம்மாவே முடித்தார்.

ஹாலோவீன் அன்று ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். பக்கத்து வீட்டு எலும்புக்கூட்டுக்கு ஆசிரியை சொன்னபடி மூன்று கிழமையாகக் கிட்டக் கிட்டப் போயிருந்தோம். விரலைத் தொடவில்லை. ஆனால் அந்த வாசலுக்கு மகன் தானாகவே போனான், ஒரு கை அக்காவின் வாள்பிடியில். கதவு திறந்ததும் சொல்ல வேண்டியது மறந்துபோய், "உங்கள் எலும்புக்கூட்டுக்குக் குளிருமா?" என்று தமிழில் கேட்டான். அந்தச் சீன அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் உள்ளே போய் ஒரு கம்பளிக் கழுத்துச் சால்வை எடுத்துவந்து, ஏணி வைத்து அதன் கழுத்தில் சுற்றிவிட்டார்.

நேற்று நவம்பர் முதலாம் திகதி. ரொறன்ரோவின் மேற்கில் சொரோரன் பூங்காவில் ஒவ்வொரு வருடமும் அன்று மாலை மக்கள் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து வைத்து விளக்கேற்றுவார்கள், பிறகு நகரசபை எடுத்துப்போய் உரமாக்கும் என்று இங்கே பிறந்தவள் தனிமடலில் சொல்லியிருந்தாள். அவளும் அப்பாவோடு வந்திருந்தாள். பாதையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை விளக்குகள். எங்கள் மீசைக்காரனை அவர்களுடைய பூசணிக்குப் பக்கத்தில் வைத்தோம். மெழுகுதிரி காற்றில் மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை அம்மா சால்வையால் காற்றை மறைத்துக்கொண்டு தானே ஏற்றினார். ஏற்றிவிட்டுக் கையைக் கூப்ப ஒரு கணம் தயங்கினார், பிறகு கூப்பினார். மகனும் கூப்பினான். ஜோர்ஜ் கோட்டைக்கு அடுத்த வருடம் தன்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று மகள் இங்கே பிறந்தவளின் அப்பாவிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினாள்.